கூப்பிடாமல் திறந்த கதவு

தம்பி,

நீ கேட்ட கட்டுரை இது அல்ல. திறப்பு விழா அழைப்பிதழோடு ஒரு குரல் பதிவும் அனுப்பியிருந்தாய்: "அம்மா, நம்ம பேப்பர்ல ஒரு கட்டுரை போடுங்க. நீங்க எழுதினா மலையகத்துல எல்லாரும் வாசிப்பாங்க." நான் பல தடவை எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் முதல் பந்தியைத் தாண்ட முடியவில்லை. கடைசியில் ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, கட்டுரைக்கு ஒதுக்கிய இடத்தில் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். விழா போன வெள்ளிக்கிழமை முடிந்துவிட்டது. நான் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நீ இதுவரை கேட்கவில்லை. இந்த மாதக் கடைசியில் மெல்பேர்ணுக்குப் போகிறாய். போகுமுன் நீ செய்யவேண்டிய வேலை ஒன்று இங்கே பாக்கி இருக்கிறது.

அழைப்பிதழில் ஒரு படம் இருந்தது. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடான ஒரு லயம், நடுவில் நீலக் கதவு, கதவு பாதி திறந்து உள்ளிருந்து மஞ்சள் வெளிச்சம். கதவின் கீழ் மூலை நாய் கடித்ததுபோலப் பிய்ந்திருந்தது. உண்மையில் நாய்தான் கடித்தது. அந்தக் கதவு யாருடையது என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். இந்தக் கடிதத்தில் அவளைப் பாக்கியம் என்று எழுதுகிறேன். அது அவள் பெயர் இல்லை. தோட்டத்தின் பெயரையும் எழுதமாட்டேன். காரணம் பின்னால் வரும்.

வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். என் மகனுக்கு வேலை, உலகம் செய்வது. தலையில் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டால் கண் முன்னால் வேறோர் இடம் விரியும். தலையைத் திருப்பினால் அதுவும் திரும்பும். அதற்குள் நடக்கலாம், கை நீட்டினால் பொருளை எடுக்கலாம். போன வருடம் கொழும்பிலுள்ள அவனுடைய நிறுவனத்துக்கு, ஒரு தேயிலைத் தோட்டத்தை அப்படியே செய்து தரும் வேலை கிடைத்தது. வெளிநாட்டுக் கண்காட்சிகளிலும் பெரிய ஹோட்டல்களிலும் வைப்பதற்கு. அப்போது நீ தலவாக்கலைக்கு வந்து, என் சமையலறையில் நின்றுகொண்டு சொன்னாய்: "இவ்வளவு நாளா தோட்டத்த படம் புடிச்சவங்க எல்லாம் ரோட்டுல நின்னு புடிச்சாங்கம்மா. பச்சையா ஒரு மலை, அதுல கலர் கலரா புள்ளி. இப்ப உள்ள நின்னு பாக்கட்டும். நம்ம ஆளுங்க மனுசங்களா தெரியட்டும்." நான் அதை நம்பினேன். அப்படியொரு லயத்தில் பிறந்தவள் நான். என் வாழ்நாள் முழுக்க எழுத்தில் செய்யப் பார்த்ததை நீ வேறு வழியில் செய்யப்போகிறாய் என்று நினைத்தேன். அதனால்தான் உன்னைப் பாக்கியத்திடம் கூட்டிப்போனேன்.

பாக்கியம் எனக்கு ஐந்தாம் வகுப்புவரை பக்கத்து இருக்கை. நான் படித்துப் பத்திரிகைக்குப் போனேன். அவள் கொழுந்து எடுக்கப் போனாள். நான் செய்தி சேகரிக்க வெளியூர் போன நாட்களில் நீ அவள் வீட்டில்தான் சாப்பிட்டாய். பள்ளிக்கூடம் விட்டு மழையில் ஓடிவந்து, லயத்துக்கு முன்னால் ஓடும் தண்ணீர்க் கானுக்கு இந்தப் பக்கமே நின்று, "சின்னம்மா" என்று கத்துவாயே, ஞாபகம் இருக்கிறதா? உள்ளேயிருந்து அவள், "யாரு அது, தொரையா? வாங்க தொரை, வந்து ரொட்டி தின்னுங்க" என்பாள். அவள் அப்படிச் சொன்ன பிறகுதான் கானைத் தாண்டி இஸ்தோப்பில் ஏறுவாய். லயத்து முன் விறாந்தைக்கு இஸ்தோப்பு என்று பெயர்கூட உனக்கு அவள் வாயால்தான் தெரியும். ஒருநாள் அவள் குளித்துக்கொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை. நீ தொப்பலாக நனைந்து நின்றாய். பிறகு வந்து தலை துவட்டிவிட்டபோது, "ஏன்டா ஏறி நிக்கக்கூடாதா?" என்று கேட்டாளாம். "நீங்க வானு சொல்லலயே" என்று சொன்னாயாம். வருடக்கணக்கில் அதைச் சொல்லிச் சிரித்தாள்.

இது ஏதோ நாகரிகத்துக்காக வந்த பழக்கம் இல்லை. லயம் தோட்டத்துக்குச் சொந்தம். நிலமும் கூரையும் தோட்டத்துக்குச் சொந்தம். என் சிறுவயதில், காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டுக்கு யாராவது வராவிட்டால், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா லயத்துக்கே வருவார். தடியால் கதவைத் தட்டமாட்டார், தள்ளுவார். உள்ளே யார் எந்தக் கோலத்தில் இருக்கிறார்கள் என்பது அவருக்கு ஒரு பொருட்டில்லை. அப்படித் தள்ளப்பட்ட கதவுகளுக்குப் பின்னால் வாழ்ந்தவர்கள், தங்களுக்குள் ஒன்றை வைத்துக்கொண்டார்கள். நாம் யாரும் யார் கதவையும் தள்ளமாட்டோம். கானுக்கு இப்பால் நின்று கூப்பிடுவோம். "வா" என்று குரல் வந்தால் போவோம், வராவிட்டால் திரும்பிவிடுவோம். அந்தப் பத்தடி அகல வீட்டில் அவர்கள் தாங்களாகவே போட்டுக்கொண்ட சட்டம் அது ஒன்றுதான்.

அந்தச் சட்டத்தை நானே ஒரு தடவை மீறினேன். இதை உனக்குச் சொன்னதில்லை. வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம், கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் காற்று அடித்து லயத்துக் கூரைத் தகரங்கள் பறந்துவிட்டன. ஆட்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். ஒரு வீட்டுக் கதவு சும்மா சாத்தியிருந்தது. நான் உள்ளே போய்ப் படம் எடுத்தேன். நனைந்த பாய், கிழிந்த கம்பளி, கொடியில் உள்பாவாடை, மூலையில் கழுவாத பாத்திரம். முதல் பக்கத்தில் வந்தது. தகரம் உடனே கிடைத்தது. நான் பெருமையோடு மறுபடி போனேன். கண்டாக்கு அந்தப் பக்கத்தைப் பெரட்டுக் களத்தில், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒட்டி வைத்திருந்தார். அந்த வீட்டுக்காரப் பெண்ணை மற்றவர்கள் ஒரு வாரமாகக் கேலி செய்திருந்தார்கள். அவள் என்னிடம் கோபப்படவில்லை. "நல்லதுக்குத்தான் போட்டீங்க, தெரியுது. ஒரு வார்த்த சொல்லியிருந்தா கூட்டியாவது வச்சிருப்பேங்க" என்றாள். அன்றிலிருந்து யாரைப் பற்றி எழுதினாலும், அச்சுக்குப் போகுமுன் அவர்களுக்கு வாசித்துக் காட்டாமல் அனுப்பியதில்லை. இதற்காக ஆசிரியர்களிடம் திட்டு வாங்கியிருக்கிறேன், செய்திகளைப் பறிகொடுத்திருக்கிறேன்.

நீ கருவிகளோடு வந்த அன்று அந்தப் பழக்கத்தை நான் கைவிட்டேன். பாக்கியம் அன்று வேலைக்குப் போகாமல், வெளுத்த சேலை கட்டிக்கொண்டு, இஸ்தோப்பில் எல்லாருக்கும் தேநீர் வைத்திருந்தாள். "சின்னம்மா" என்று நீ கூப்பிட, "வாங்க தொரை, இப்ப நெசமாவே தொரையாத்தான் வந்திருக்கீங்க" என்றாள். அவள் உடம்பில் அசைவைப் பதிகிற பட்டிகள் கட்டி நடக்கச் சொன்னாய். மலையில் வழுக்கி விழுந்து ஒழுங்காகப் பொருந்தாத இடது காலை இழுத்து இழுத்து நடந்தாள். கொழுந்து கிள்ளும் விரல்களைப் பதிவு செய்தாய். விழுந்த நாளின் கதையை ஒரு மணி நேரம் சொன்னாள், அதையும் பதிவு செய்தாய். வீட்டுக்குள் போய் நூற்றுக்கணக்கில் படம் எடுத்தாய். எதற்கென்று கேட்டதற்கு, "சுவரோட அளவு வேணும் சின்னம்மா" என்று சொன்னாய். பிறகு ஒரு தாள் நீட்டினாய். ஆங்கிலத்தில் ஏழு பக்கம். "அம்மா, நீங்க வாசிச்சுச் சொல்லுங்க" என்றாய்.

நான் முழுவதும் வாசிக்கவில்லை. அமைச்சர்களின் அறிக்கைகளையும் சங்கங்களின் ஒப்பந்தங்களையும் ஒரு கால்புள்ளி விடாமல் வாசித்தவள், என் மகன் கொண்டுவந்த தாளை இரண்டு பக்கம் புரட்டினேன். "உன்னோட குரலையும் படத்தையும் எடுத்துக்க சம்மதம்னு எழுதியிருக்கு. நம்ம தம்பிதானே, பயப்படாத, வை" என்றேன். அவள் என்னைப் பார்த்துத்தான் கையெழுத்து வைத்தாள், தாளைப் பார்த்து அல்ல. ஐந்தாம் பக்கத்தில், எடுத்ததை எந்த வடிவிலும் மாற்றலாம், எந்தக் காலத்துக்கும் எங்கும் பயன்படுத்தலாம், அவளிடம் மறுபடி கேட்கத் தேவையில்லை என்று இருந்ததைப் போன மாதம்தான் வாசித்தேன்.

விழாவுக்கு முன் அவளுக்குக் காட்டவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததால், உன்னோடு வேலை செய்யும் டினூஷாவை அனுப்பினாய். நீ வரவில்லை. பாக்கியம் பஸ்ஸில் என் வீட்டுக்கு வந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து இறுக்கிக் கொண்டை போட்டிருந்தாள். அந்தக் கொண்டைக்கு மேல் உன் கண்ணாடியின் பட்டி ஏறவில்லை. கொண்டையை அவிழ்த்துத்தான் மாட்டினோம். எந்த மொழி வேண்டும் என்று கண்ணாடி கேட்டது. ஆங்கிலம், சிங்களம், ஜெர்மன், ஜப்பான், சீனம். டினூஷா தலையைக் குனிந்துகொண்டு சிங்களத்தைத் தொட்டாள். காலால் நிற்க முடியாததால் பாக்கியம் என் வீட்டு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். உன் உலகத்துக்கு உட்கார்ந்தபடி வருகிறவர்கள் இருக்கலாம் என்பது தெரியாது. நிற்கிறவளாகவே அவளை அது எண்ணிக்கொண்டதால், அவள் கண் மற்றவர்களின் இடுப்புக்குக் கீழே நின்றது. "என்னாடி இது, எல்லாரும் என் தலைக்கு மேல நிக்கிறாங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "கண்டாக்கு ஒருத்தன் மேட்டுல வர்றான். அவன் சப்பாத்துதான் முகத்துக்கு நேரா தெரியுது. இத பாக்கவா பஸ்ஸேறி வந்தேன்? இதத்தான் முப்பது வருசமா பாக்குறேனே" என்று சிரித்தாள். டினூஷாவுக்கு மொழி புரியாவிட்டாலும் அந்தச் சிரிப்பு புரிந்தது.

உள்ளே வருகிறவர் தோட்டத்துத் துரையாக வரலாம், கண்டாக்காக வரலாம், படம் எடுக்கும் பயணியாக வரலாம். கொழுந்து எடுக்கிறவளாக வர வழியில்லை. பாக்கியம் தன்னைத் தேடிக் கண்டுபிடித்தாள். விரல்கள் அவளுடையவை. முகம் இருபது வயதுப் பெண்ணுடையது. கால் நேராகியிருந்தது. "இவ நொண்டலயே" என்றாள். அவள் உற்றுப் பார்த்தபோதெல்லாம் அந்தப் பெண் சிரித்தாள். "யாரு பாத்தாலும் சிரிக்கிறாளே, கிறுக்கச்சியா இவ?" அவள் சொன்ன ஒரு மணி நேரக் கதை எங்கே என்று காதைத் தீட்டிக் கேட்டாள். காற்றுச் சத்தத்துக்கு அடியில் ஒரு முணுமுணுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. அதுவரைக்கும் அவள் பகடியாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

பிறகு லயத்துக்கு வந்தாள். நீலக் கதவுக்கு நேராகப் பார்த்ததும் அது தானாகத் திறந்தது. எனக்கு எதிரே இருந்த சிறிய திரையில் நானும் பார்த்தேன். கணவனின் மாலை போட்ட படம். கொடியில் அவளுடைய ரவிக்கை. அவள் மகள் உடை மாற்ற மூலையில் கட்டியிருக்கும் பழைய சேலைத் திரை. அந்தத் திரையும் கை நீட்டினால் விலகியது. பாக்கியம் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். கொண்டையை மறுபடி போட்டு முடித்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"இதுக்குள்ள வர்றவங்க யாரும் கூப்பிட மாட்டாங்களா?"

நான் டினூஷாவிடம் சிங்களத்தில் அதைக் கேட்டேன். அந்தப் பெண் பொய் சொல்லக்கூடியவள் இல்லை. முதலில் அப்படித்தான் இருந்தது என்றாள். கானுக்கு இப்பால் நிற்கவேண்டும், கூப்பிடவேண்டும், உள்ளேயிருந்து குரல் வந்தால்தான் கதவு திறக்கும். சில நேரம் வராது, அப்போது திரும்பிப்போகவேண்டும். நீதான் அதை யோசித்தாயாம், நீயே இரவு பகலாக இருந்து செய்தாயாம். காட்டிப் பார்த்தபோது வந்தவர்கள் அந்த இடத்தில் பொறுமை இழந்தார்களாம், சிலர் கண்ணாடியைக் கழற்றினார்களாம். பணம் போடுகிறவர்கள் முகம் சுளித்தார்களாம். அடுத்த வாரமே அதை எடுத்துவிட்டது நீதானாம்.

தம்பி, அந்த நொடிவரை உனக்குத் தெரியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நகரத்தில் வளர்ந்தவர்களோடு வேலை செய்கிறான், மறந்திருப்பான், சொன்னால் திருத்துவான் என்று. நீ மறக்கவில்லை. மழையில் நனைந்து நின்ற பையன் அந்தக் கதவைச் செய்தான். பிறகு அதே பையன் அதைப் பிடுங்கினான். தெரியாத ஒருவன் செய்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், அதை எழுதி முடித்திருப்பேன். இது கோபமாகக்கூட வரமாட்டேன் என்கிறது.

அன்று மாலையே உன்னைத் தொலைபேசியில் பிடித்தேன். நீ மூன்று விஷயம் சொன்னாய். "அது சின்னம்மா வீடு இல்லம்மா, ஒரு மாடல்" என்றாய். "அவங்க பேரு எங்கயுமே இல்லயே" என்றாய். நான் விடாமல் கேட்கவும், "கையெழுத்து வச்சிருக்காங்கல்ல, நீங்கதானே வாசிச்சுக் காட்டினீங்க" என்றாய். நான் தொலைபேசியை வைத்தேன்.

இப்போது சொல்கிறேன். நான் வாசித்துக் காட்டவில்லை. அது என் துரோகம், அதை இந்தப் பத்திரிகையில் என் பெயர் தெரிந்த எல்லாருக்கும் முன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் ஏன் வாசிக்கவில்லை என்பதும் உனக்குத் தெரியும். என் நம்பிக்கையைத்தான் நீ அந்தத் தாளில் கையெழுத்தாக வாங்கினாய்.

மாடல் என்று நீ சொன்னதைப் பல நாள் யோசித்தேன். நான் எழுதிய செய்தியும் ஒரு விதத்தில் மாடல்தான். தாளில் இருந்தது அந்தக் கந்தப்பளைப் பெண்ணின் வீடு அல்ல, மைதான். அவள் தலை குனிந்தது மட்டும் மை இல்லை. உன் உலகத்தில் கல்லும் மழையும் நீ சொன்னபடி கேட்கின்றன. அங்கே ஒரு கதவு எப்படித் திறக்கவேண்டும் என்பதை நீ தீர்மானிக்கிறாய். அதனாலேயே, அங்கே நடப்பது எதுவும் தற்செயல் இல்லை. கால் நேரானது, தமிழ் இல்லாமல் போனது, உட்கார்ந்தவள் சப்பாத்தைப் பார்த்தது, ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் யாரையோ நினைத்து, யாரையோ நினைக்காமல் எடுத்த முடிவு. வருகிறவர்களுக்கு அலுக்கக்கூடாது என்பதற்காக, அவர்கள் எல்லாரையும் நீ கதவைத் தள்ளுகிற கண்டாக்கு ஆக்கிவிட்டாய். அவர்களுக்கு அது தெரியவே தெரியாது. நல்ல மனிதர்கள்தான், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தோட்டத்து மக்களோடு பழகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

விழாவுக்கு இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, பாக்கியத்தைப் பார்க்கப் போனேன். இந்தக் கடிதத்தின் முதல் பிரதி பையில் இருந்தது. அவளுக்கு வாசித்துக் காட்டி, அவள் சரி என்றால் அவள் உண்மைப் பெயரோடு போடலாம் என்று இருந்தேன். கானுக்கு இப்பால் நின்றேன். அவளுடைய செருப்பும் மகளுடைய செருப்பும் படியில் இருந்தன. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. "பாக்கியம்" என்று கூப்பிட்டேன். ரேடியோ நின்றது. "நான்தான்டி" என்றேன். வழக்கமாக, "பேப்பர்காரி வந்துட்டா, வாய மூடுங்கடி எல்லாரும்" என்று சத்தம் வரும், பிறகு "வா" என்று வரும். எதுவும் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். தூறல் விழுந்தது. அரை மணி நேரம் நின்றிருப்பேன். பிறகு திரும்பி வந்தேன்.

அந்தத் தோட்டத்தில் எனக்கு இதுவரை அப்படி நடந்ததில்லை. அவள் பெயரை நான் ஏன் மாற்றினேன் என்பதற்குக் காரணம் இதுதான். நான் கூப்பிட்டேன், அவள் வா என்று சொல்லவில்லை. அவளுக்கு வாசித்துக் காட்டாமல் அவள் பெயரை எழுத எனக்கு உரிமை இல்லை. உன் உலகத்திலிருந்து அந்த வீட்டை எடு. அந்த விரல்களையும் அந்தக் குரலையும் எடு. கூப்பிட்டால் திறக்கும், சில நேரம் திறக்காமலும் இருக்கும் அந்தப் பழைய கதவு உன்னிடம் எங்காவது பத்திரமாக இருக்கும், நீ எதையும் அழிக்கிறவன் இல்லை. அதை யாருடைய முகமும் இல்லாத வேறொரு வீட்டுக்கு மாட்டு. வருகிறவர்கள் நிற்கட்டும். அலுத்துப்போய்க் கழற்றுகிறவர்கள் கழற்றட்டும். பணம் போடுகிறவர்களுக்கு நீ என்ன சொல்வாய் என்பது எனக்குத் தெரியாது. என்னிடம் சொன்னதைவிட நேராக எதையாவது சொல்.

மெல்பேர்ணுக்குப் போகுமுன் ஒரு நாள் இங்கே வா. என்னைப் பார்க்க அல்ல, அது பிறகு. அழைப்பு அனுப்பாதே, யாரையும் முன்னால் அனுப்பாதே, கருவி எதுவும் கொண்டுவராதே. நீயாகப் போய், சின்ன வயதில் நின்ற அதே இடத்தில் நின்று, சின்னம்மா என்று கூப்பிடு. அவள் வா என்றால் போ. சொல்லாவிட்டால் ஏறாதே. குடை எடுத்துக்கொண்டு வா, இந்த மாதம் மத்தியானத்தில் மழை பிடிக்கிறது, கானுக்கு இந்தப் பக்கம் ஒதுங்க இடம் இல்லை.

அம்மா
தலவாக்கலை